வீட்டில் கட்டும் மரப் பாய்ப்படகு: கைவேலை நுணுக்கங்களைச் செய்யும் வரிசை – முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி 3 முதல் 4 மீட்டர் வரை நீளமுள்ள சிறு பாய்ப்படகுக்கானது. ப்ளைவுட் என்று கடையில் கேட்டு வாங்கும் ஒட்டுப்பலகையை வரைபடப்படி வெட்டி, ஓரங்களைக் கம்பியால் தைத்து, மூலைகளை எப்பாக்சி என்னும் இருபாகப் பசையாலும் கண்ணாடியிழை நாடாவாலும் பிணைத்து, வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி முடிக்கும் படகுகள் இவை. உடலைக் கட்டும் முறையை வரைபடத்துடன் வரும் கையேடு விரிவாகவே சொல்லும். அது ஓரிரு வரிகளில் கடந்துவிடும் வேலைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: விளிம்புக் கட்டை, அடுக்கி ஒட்டிய சுக்கான் பிடி, உள்ளீடற்ற பாய்மரம், பின்பலகையில் செதுக்கும் பெயர், வார்னிஷ், துடுப்பில் தைக்கும் தோல்.

முதல் படகு கட்டுபவர்களின் கொட்டகைகளில் நான் பார்த்த சேதங்களில், கைத்திறன் குறைவால் வந்தவை சிலவே. வேலையின் வரிசை மாறியதால் வந்தவையே மிகுதி. எட்டுப் பூச்சு வார்னிஷ் அடித்துக் கண்ணாடிபோல் மின்னவைத்த பின், வெள்ளோட்டத்துக்கு முந்தைய வாரம், கயிற்றைச் சுற்றிக் கட்டும் கயிற்றுக் கொம்புகளுக்காகத் துளையிடுவார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் ஒரு கறுப்பு வளையம் தெரியும். பூச்சை உரித்தால் உள்ளே பலகை ஊறிப்போயிருக்கும்.

1. பலகையை வெட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை

படகில் நீங்கள் சேர்க்க விரும்பும் ஒவ்வொன்றையும் வரைபடத்தின் ஒரு நகலில் பென்சிலால் குறித்துவிடுங்கள். கப்பி, கயிற்றுக் கொம்பு, துடுப்புத் தாங்கி, சுக்கான் கீல் ஆகிய ஒவ்வொன்றும் எங்கே வரும், அதன் பின்னால் எவ்வளவு கனமான கட்டை இருக்க வேண்டும் என்பது இந்தத் தாளில் தெரிய வேண்டும். மேற்தளத்தை ஒட்டி மூடிய பிறகு அடிப்பக்கத்தில் கட்டை வைக்கக் கை நுழையாது என்பதால்தான் இதை முதல் வேலையாகச் சொல்கிறேன்.

எடையையும் இப்போதே கணக்கிட வேண்டும். 3.3 மீட்டர் நீளமுள்ள மிரர் வகைப் படகுக்கு வகுப்பு விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச உடல் எடை 45.5 கிலோ. அந்த அளவுள்ள படகில் தேக்கில் கனத்த விளிம்பும், அலங்கார மேற்தளமும், பருத்த பிடியும் சேர்த்தால் 8 கிலோ கூடிவிடுவது எளிது. அதை மணலில் இழுத்துச் செல்லும்போதும், மெல்லிய காற்றிலும் உணர்வீர்கள். போட்டியில் ஓட்டும் எண்ணம் இருந்தால், அந்த வகைப் படகுக்கான அளவு விதிகளைப் படிக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

எந்தப் பகுதி மரம் தெரியும்படி வார்னிஷ் பெறும், எது வண்ணம் பெறும் என்பதும் இப்போதே முடிவாக வேண்டியதுதான். வார்னிஷ் பெறும் பகுதியில் ஒவ்வொரு பென்சில் கோடும், கம்பித் துளையும், பசைக்கறையும் நிரந்தரமாகத் தெரியும். முதல் படகில் விளிம்பு, சுக்கான் பிடி, பாய்மரம், இருக்கைப் பலகை ஆகியவற்றுக்கு மட்டும் வார்னிஷ், மற்றதற்கெல்லாம் வண்ணம் என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. முழுப் படகையும் மரநிறத்தில் விட ஆசைப்பட்டவர்களில் பாதிப்பேர் பிறகு வண்ணம் அடித்தே மறைத்தார்கள்.

2. கையில் இருக்க வேண்டிய பொருள்கள்

ஒட்டுப்பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடல்தரப் பலகைக்கான இந்தியத் தர எண் அதுதான். ஐ.எஸ். 303 முத்திரையுள்ள பலகையையும் கடைகளில் தண்ணீர் தாங்கும் என்று சொல்லித் தருவார்கள். அது சமையலறை அலமாரிக்குப் போதும், படகுக்குப் போதாது. முத்திரையை மட்டும் நம்பாமல், ஒரு துண்டைச் சில மணி நேரம் கொதிக்கவைத்து, காயவைத்து, மீண்டும் கொதிக்கவைத்து அடுக்குகள் பிரிகின்றனவா என்று பாருங்கள். வெட்டிய ஓரத்தில் நடு அடுக்குகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால், அந்தப் பலகையின் வளைவு சீராக வராது.

பாய்மரத்துக்கு இலேசான, ரேகை நேராக ஓடும் மரம் வேண்டும். ஸ்ப்ரூஸும் டக்ளஸ் ஃபரும் முதல் தேர்வு. அவை கிடைக்காத ஊரில், இறக்குமதிப் பைன் மரத்தில் கணுவில்லாத பலகைகளைப் பொறுக்கி எடுக்கலாம். விளிம்புக்குத் தேக்கும் அயினியும் நன்றாக உழைக்கும். தேக்கு எண்ணெய்ப் பிசுக்குள்ள மரம். ஒட்டுகிற அன்றே அதன் பரப்பைப் புதிதாக இழைத்து, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் பசை தடவ வேண்டும். முந்தைய வாரம் இழைத்து வைத்த தேக்கில் எண்ணெய் மீண்டும் மேலே வந்திருக்கும். அந்த ஒட்டு, வெயிலில் ஒரு கோடை கூட நிற்காது.

எப்பாக்சிக்கு மெதுவாக இறுகும் வகைக் கடினமாக்கியையே நம் வெப்பத்துக்கு வாங்குங்கள். கலவை விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றினால் பசை என்றுமே முழுதாக இறுகாது. ஒருமுறைக்கு 100 முதல் 150 கிராம் மட்டும் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். குவளையிலேயே விட்டால் தன் வெப்பத்தால் தானே சூடேறி, சில நிமிடங்களில் புகைந்து கட்டியாகிவிடும். கையுறை இல்லாமல் எப்பாக்சியைத் தொடாதீர்கள். தோலில் ஒவ்வாமை ஒருமுறை தோன்றிவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். கையில் பட்டதை அசிட்டோனால் துடைப்பது அதைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகச் செலுத்தும். சோப்பும் தண்ணீருமே போதும்.

திருகாணி சிலிக்கான் வெண்கலமாகவோ 316 தரத் துருவேறா எஃகாகவோ இருக்கட்டும். சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகத்தை உப்புநீர் அரித்துவிடும். வெளியே பளபளக்கும் திருகாணி, கழற்றும்போது செம்பழுப்பு மாவாக உதிரும்.

3. உள்மூலைகள்: கம்பியின் தழும்பும் மாவுக் கலவையும்

பலகைகளைச் சேர்த்துத் தைத்த செம்புக் கம்பிகளை உள்ளேயே புதைத்துவிடும் பழக்கம் வண்ணம் அடிக்கும் படகுக்குப் பரவாயில்லை. மரம் தெரியும் பகுதியில், கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் மட்டும் முதலில் சிறு சிறு பொட்டுகளாகப் பசைக் கலவையை வைத்து, மறுநாள் கம்பிகளை உருவிவிட்டு, அதன்பின் முழு மூலைப்பூச்சையும் இழுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் கம்பியின் மேடுகளைச் சுற்றி வளைந்து போகாமல் பூச்சு ஒரே சீராக வரும்.

மூலைப்பூச்சுக்கு எப்பாக்சியுடன் மரமாவு கலப்போம். மாவு காய்ந்த நிலையில் பலகையின் நிறத்தோடு ஒத்துப்போனாலும், பசையில் நனைந்ததும் பல மடங்கு கருத்துவிடும். ஆகவே சிறு துண்டுப் பலகைகளில் மூன்று நான்கு விகிதங்களை வைத்து இறுகவிட்டு நிறம் பாருங்கள். கலவை, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் இருக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் அட்டையின் மூலையை சுமார் 20 மி.மீ. ஆரத்தில் வளைவாக வெட்டி, அதையே கருவியாக்கி, ஒரே இழுப்பில் முனையிலிருந்து முனைவரை இழுங்கள்.

இழுக்கும் முன் பூச்சின் இரு ஓரங்களிலும் காகித நாடா ஒட்டி, கலவை இறுகத் தொடங்கி இன்னும் மிருதுவாக இருக்கும்போதே நாடாவை உரித்துவிட வேண்டும். இறுகிய பின் உரித்தால் நாடா கிழியும், ஓரமும் பிசிறும். உள்மூலையில் உப்புத்தாள் தேய்ப்பதைப் போல அலுப்பான வேலை வேறில்லை. பத்து நிமிட நாடா வேலை, இரண்டு நாள் தேய்ப்பை மிச்சப்படுத்தும்.

இறுகிய எப்பாக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படியும். ஈரப்பதம் மிக்க ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது கூடுதலாகவே இருக்கும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு அதைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் மெழுகு பரப்பெங்கும் பரவி, அடுத்த பூச்சு ஒட்டாமல் உரியும்.

4. தளத்தை மூடும் முன்

முதல் பிரிவில் குறித்த தாளை எடுத்து, ஒவ்வொரு பொருத்துக்கும் அடியில் 12 முதல் 18 மி.மீ. கனமுள்ள கட்டையை ஒட்டுங்கள். கட்டையின் ஓரங்களைச் சாய்வாகச் சீவிவிட்டால் விசை மெல்லிய பலகைக்குப் படிப்படியாக இறங்கும். செங்குத்தான ஓரம் விட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும். கட்டைகளின் இடத்தை அளந்து எழுதி, புகைப்படமும் எடுத்து வையுங்கள். மூடிய பின் அவை எங்கே இருக்கின்றன என்று தட்டித் தட்டித் தேட நேரும்.

படகு மூழ்காமல் மிதக்க உதவும் காற்றறைகளின் உட்புறத்துக்கு இரண்டு பூச்சு எப்பாக்சி இப்போதே தேவை. மூடிய பின், பார்வைத் துளையில் குழாய் செருகி வாயால் மெதுவாக ஊதி, இணைப்புகளில் சோப்புநீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். சைக்கிள் பம்ப்பைக் கொண்டு அடித்தால் ஒட்டு பிளந்துவிடும்.

5. விளிம்புக் கட்டை

படகின் அழகை முதலில் காட்டுவது விளிம்பின் கோடுதான். அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்பலகை வரை அது ஓரிடத்தில் தளர்ந்தாலும் இருபது அடி தள்ளி நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். ஆகவே கட்டையை ஒட்டும் முன், மெல்லிய நீளமான சட்டம் ஒன்றைக் குறித்த புள்ளிகளில் சிறு ஆணிகளால் தற்காலிகமாகப் பொருத்தி, படகின் முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். கடற்கரை ஊர்களில் படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகள் அளவுகோலைவிட இந்தப் பார்வையைத்தான் நம்புவார்கள். அளவும் கண்ணும் முரண்பட்டால் கண்ணின் பக்கமே சாயலாம்.

ஒரே கனத்த கட்டையை வளைப்பதற்குப் பதிலாக, 9 மி.மீ. கனமுள்ள இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவதே நல்லது. மெல்லிய பட்டை எளிதாக வளையும். பசை இறுகியதும் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் திரும்பி நிமிராது. நீளம் போதாவிட்டால் சாய்வு இணைப்புச் செய்யுங்கள்: கனத்துக்கு எட்டு மடங்கு சாய்வு, அதாவது 9 மி.மீ. பட்டைக்கு 72 மி.மீ. இரண்டு அடுக்குகளின் இணைப்புகளும், இரண்டு பக்கங்களின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வரக்கூடாது. ஒரே இடத்தில் வந்தால் வளைவு அங்கே மட்டும் சற்றுத் தட்டையாகும்.

இடப்பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு வலப்பக்கம் வருவது, புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. வளைத்த பட்டை இழுக்கும் விசையால் மூடாத உடல் ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ளும்; பிறகு அதைத் திருத்தவே முடியாது. இருபக்கமும் ஒரே நாளில், மாறி மாறி, நடுவிலிருந்து முனைகளை நோக்கிப் பொருத்துங்கள். 15 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் என்று வைத்தால் 4 மீட்டர் படகின் ஒரு பக்கத்துக்கே 27 தேவை. விலைக்கு வாங்க முடியாவிட்டால், பருத்த பிளாஸ்டிக் குழாயை வளையங்களாக வெட்டி ஒரு பக்கம் அறுத்துவிட்டால் தேவையான அளவு கவ்விகள் கிடைக்கும்.

உட்பக்க விளிம்பை இடைவெளி விட்டுச் செய்வது, செலவு குறைவாகவும் அழகு நிறைவாகவும் உள்ள ஒரு சேர்க்கை. 40 மி.மீ. அகலச் சிறு கட்டைகளைச் சுமார் 90 மி.மீ. இடைவெளிகளில் ஒட்டி, அவற்றின் மேல் உள்பட்டையை ஓடவிட வேண்டும். படகைக் கவிழ்க்கும்போது நீர் முழுதும் வடிந்துவிடும், கயிறு கட்டவும் எங்கும் இடம் கிடைக்கும். இதில் வரிசைக்கு இரண்டு விதிகள் உண்டு. துடுப்புத் தாங்கியும் வங்கும் (உடலைத் தாங்கும் விலாச்சட்டம்) வரும் இடங்களில் முதலில் முழுக்கட்டைகளை வைத்து, மிச்ச நீளத்தைப் பின்னர் சமமாகப் பங்கிட வேண்டும். அணியத்திலிருந்து அளந்துகொண்டே வந்தால் தாங்கி, சரியாக ஓர் இடைவெளியின் மேல் வந்து நிற்கும். அடுத்து, உள்பட்டையை ஒட்டும் முன்பே இடைவெளிகளின் உட்பரப்புக்கு எப்பாக்சியும் வண்ணமும் அடித்துவிட வேண்டும். ஒட்டிய பின் தூரிகை அங்கே நுழையாது, நீர் மட்டும் நுழையும்.

6. சுக்கான் பிடி

பயணம் முழுவதும் கையில் இருக்கும் பொருள் இது ஒன்றே என்பதால் இதில் நேரம் செலவிடுவது வீணாகாது. தேக்கையும் ஒரு வெளிர் மரத்தையும் 4 மி.மீ. பட்டைகளாக அறுத்து மாற்றி மாற்றி அடுக்கி, ஒரு பலகையில் திருகிய கட்டைகளுக்கு இடையே வளைத்து ஒட்டுங்கள். கட்டைகளைக் கழற்றியதும் வளைவு சிறிது நிமிரும்; தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தே ஒட்டுவது அதற்காகத்தான். பட்டைகளுக்கும் பலகைக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் போட மறந்து, பிடியைப் பலகையோடு சேர்த்தே ஒட்டியவர்களில் நானும் ஒருவன்.

சதுரக் கட்டையை உருட்ட, முதலில் எட்டு முகம் ஆக்குங்கள். ஒவ்வொரு முகத்திலும் அகலத்தை 7, 10, 7 என்ற விகிதத்தில் பிரித்து இரு கோடுகள் இழுத்து, அந்தக் கோடுவரை மூலைகளை இழைத்தால் சீரான எண்கோணம் கிடைக்கும். பின் பதினாறு முகம், அதன்பின் உப்புத்தாள். கண்மட்டத்திலேயே உருட்டத் தொடங்கினால் முட்டை வடிவில்தான் முடியும். சுக்கான் தலைக்குள் நுழையும் பகுதியை மட்டும் சதுரமாகவே விடுங்கள். உட்கார்ந்து பிடித்துப் பார்த்துவிட்டு நீளத்தை வெட்டுங்கள். வரைபடத்தில் உள்ள நீளம் வரைந்தவரின் கைக்கானது.

7. உள்ளீடற்ற பாய்மரம்

எட்டுப் பட்டைகளை வட்டமாகச் சேர்த்து, நடுவில் வெற்றிடம் விட்டு ஒட்டும் முறைக்குப் பறவையலகு இணைப்பு என்று பெயர். ஒவ்வொரு பட்டையின் ஒரு விளிம்பிலும் 90 பாகை அளவில் வி வடிவப் பள்ளம் வெட்டினால், பக்கத்துப் பட்டையின் சதுர விளிம்பு அதில் அலகில் கவ்விய இரைபோல் உட்கார்ந்துகொள்ளும். பட்டையின் அகலம் மரத்தின் விட்டத்தில் 0.4 மடங்கு, கனம் அதில் பாதி என்பது கணக்கு. 60 மி.மீ. பாய்மரத்துக்கு 24 மி.மீ. அகலமும் 12 மி.மீ. கனமும் உள்ள பட்டைகள் வேண்டும். இந்த அளவில், உருட்டிய திண்மையான மரத்தோடு ஒப்பிட்டால் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைகிறது. விறைப்போ 13 விழுக்காடு அளவே குறைகிறது. உச்சியில் எடை குறைந்த படகு நிமிர்ந்து நிற்கும் என்பதால் இந்த உழைப்பு வெறும் அலங்காரத்துக்கானது ஆகாது.

பத்துப் பட்டைகளாக வெட்டுங்கள். இரண்டு கட்டாயம் கெடும். உச்சி நோக்கி மரம் மெலிய வேண்டுமானால், பள்ளம் இல்லாத விளிம்பை மட்டும் சீவ வேண்டும். பள்ளமுள்ள விளிம்பைச் சீவினால் பொருத்தம் போய்விடும்.

அடுத்து, பசை இல்லாமல் முழு மரத்தையும் ஒருமுறை கட்டிப் பாருங்கள். சமதளத்தில் ஒரே மட்டத்தில் நிற்கும் தாங்கிகளை இறுக்கமான நூல் பிடித்து வரிசைப்படுத்தி, அவற்றின் மேல் வையுங்கள். தாங்கி கோணலானால் மரமும் அதே கோணலில் இறுகிவிடும். எட்டு இணைப்புகளையும் ஒரே மூச்சில் ஒட்ட இரண்டு பேரும் பதற்றமும் தேவைப்படும். முதல்முறை செய்பவர் எதிரெதிரான இரண்டு இணைப்புகளுக்குப் பசை தடவாமல், அங்கே மட்டும் பிளாஸ்டிக் தாளை நுழைத்து, மற்ற ஆறையும் ஒட்டிக் கயிற்றால் இறுகச் சுற்றிவிடலாம். மறுநாள் அவிழ்த்தால் இரண்டு பாதிகளாகப் பிரியும். உட்புறத்தில் வழிந்த பசையைச் சுரண்டி, எப்பாக்சி பூசி, அடைப்புக் கட்டைகளை வைத்து, பிறகு இரு பாதிகளையும் நிதானமாகச் சேர்க்கலாம்.

அடைப்புக் கட்டைகள் அடியிலும், மேற்தளத்தை மரம் கடக்கும் இடத்திலும், பக்கத் தாங்குகயிறுகள் பிடிக்கும் இடத்திலும், உச்சியிலும் தேவை. அவற்றின் முனைகளை மீன்வால் போலப் பிளவாக வெட்டுங்கள். திண்மையான பகுதி திடீரென முடிந்து வெற்றிடம் தொடங்கும் இடத்தில் முழு வளைவும் குவிந்து மரம் ஒடியும். பிளந்த முனை அந்த மாற்றத்தைச் சிறிது தூரத்துக்குப் பரப்பிவிடும். நேராக அறுத்த கட்டை வைத்து, முதல் பலத்த காற்றிலேயே தளத்துக்கு ஒரு சாண் மேலே முறிந்த மரம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கட்டை முடிந்த அதே கோட்டில் ஒடிந்திருந்தது.

8. ஒத்திகை: எல்லாவற்றையும் பொருத்திக் கழற்றுதல்

வண்ணமோ வார்னிஷோ ஒரு சொட்டும் படாத நிலையில், படகை அதன் எல்லாப் பொருத்துகளுடனும் ஒருமுறை முழுதாகக் கட்டி நிறுத்த வேண்டும். பாய்மரத்தை ஏற்றி, பாயை விரித்து, சுக்கானை மாட்டி, உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பாருங்கள். கப்பியிலிருந்து வரும் கயிறு எதிலாவது உராய்கிறதா, திரும்பும்போது முழங்கால் கொம்பில் இடிக்கிறதா, பிடியை முழுதாகத் திருப்ப இடமிருக்கிறதா என்பதெல்லாம் இப்போது தெரிந்தால் ஒரு துளையை நகர்த்துவதோடு போகும்.

நிறைவானதும் எல்லாவற்றையும் கழற்றி, துளைகளைக் கவனியுங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கான துளையை 12 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, அடியில் நாடா ஒட்டி, சிலிக்கா மாவு கலந்த எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் மீண்டும் 6 மி.மீ. துளை இடுங்கள். அதன்பின், பொருத்தின் அடியில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பழுதாகி நீர் கசிந்தாலும் அது எப்பாக்சி வளையத்தைத்தான் தொடும். ஒட்டுப்பலகையின் திறந்த அடுக்குகளை எட்டாது. ஒரு படகில் முப்பது நாற்பது துளைகள் இருக்கும். இதற்கு ஒரு முழு வார இறுதி போகும். தொடக்கத்தில் சொன்ன கறுப்பு வளையங்கள் அனைத்தும் இந்த வார இறுதியை மிச்சம் பிடித்தவர்களின் படகுகளில் பார்த்தவை.

9. திருகாணித் தலையை மூடும் மரத்தக்கை

விளிம்பிலும் இருக்கைப் பலகையிலும் திருகாணித் தலைகளை அதே மரத்தில் வெட்டிய தக்கைகளால் மூடலாம். தக்கையின் ரேகை, பலகையின் ரேகையோடு ஒரே திசையில் அமைய வேண்டும். எப்பாக்சிக்குப் பதிலாக ஒரு துளி வார்னிஷ் தொட்டு அடியுங்கள். என்றாவது திருகாணியைக் கழற்ற நேரும்போது தக்கை எளிதாக வெளியே வரும். மேலே நீட்டிக்கொண்டிருப்பதை ஒரே வெட்டில் மட்டமாக்காமல், பாதி உயரத்தில் முதலில் உளியால் சீவிப் பார்த்து, ரேகை எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்த பின் எதிர்ப்பக்கத்திலிருந்து முடியுங்கள். அவசரப்பட்டால் தக்கை பலகை மட்டத்துக்குக் கீழே பிளந்து குழியாகும்.

10. பின்பலகையில் பெயர் செதுக்குதல்

பெயரைச் செதுக்க ஏற்ற நேரம், இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்த பிறகும் கடைசிப் பூச்சுகளுக்கு முன்பும்தான். வார்னிஷ் மரத்தின் நுண்துளைகளை அடைத்திருப்பதால், செதுக்கிய பள்ளத்தில் நிரப்பும் வண்ணம் ரேகை வழியாகப் பக்கவாட்டில் கசியாது. மேலே வழிந்ததையும் துணியால் துடைத்துவிடலாம். ஒட்டுப்பலகையின் மேலடுக்கு மிக மெல்லியது, செதுக்கினால் அடுத்த அடுக்கு வெளியே வந்துவிடும். எனவே 8 மி.மீ.க்குக் குறையாத தனிப் பலகையில் பெயரைச் செதுக்கிப் பொருத்துங்கள்.

தமிழ் எழுத்தில் பெயர் வைப்பவருக்கு ஒரு குறிப்பு. வி வடிவச் செதுக்கலுக்கான ஆங்கிலப் பாடங்கள் நேர்க்கோட்டு எழுத்துகளை மனத்தில் வைத்தவை. நம் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. சுழிக்குள் அகப்பட்ட சிறு மரத்தீவு உளி படும்போதே தெறித்துப் பறந்துவிடும். எழுத்தின் உயரம் 70 மி.மீ.க்குக் குறையாமல் வைத்து, சுழிகளை அச்செழுத்தைவிடச் சற்று அகலமாக வரைந்து, வளைவுளியால் உள்வளைவை முதலில் வெட்டி, வெளிவளைவைப் பின்னர் வெட்டுங்கள். ண, ஞ, ஐ உள்ள பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு துண்டுப் பலகையில் முயன்று பார்த்துவிடுவது நல்லது. புள்ளிகளைச் செதுக்க வேண்டாம். உருண்டை முனையுள்ள அரவைக் கருவியால் சிறு குழியாக இட்டால் போதும்.

11. வண்ணமும் வார்னிஷும்

முதலில் வண்ணம், பின்னர் வார்னிஷ். வார்னிஷ் மேல் தெறித்த வண்ணத்தை நீக்குவது கடினம், வண்ணத்தின் மேல் வழிந்த வார்னிஷைத் துடைப்பது எளிது.

எப்பாக்சி வெயிலைத் தாங்காது. மூடாமல் விட்டால் மஞ்சளாகி, மாவாகி உதிரும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் வண்ணமோ வார்னிஷோ அதன் மேல் கட்டாயம் தேவை. மரச்சாமான் கடைகளில் பளபளப்புக்காகத் தரும் மெலமைன் பாலிஷ் வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக்கானது. படகில் சில மாதங்களில் தோலாக உரியும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, சற்றே நெகிழும் கடல்தர வார்னிஷே வேண்டும்.

இருக்கைப் பலகை போன்ற அகன்ற ஒட்டுப்பலகைப் பரப்புகளுக்கு எப்பாக்சியை அடிப்பூச்சாக இட்டு, அதன் மேல் வார்னிஷ் அடிப்பது நல்லது. அந்த எப்பாக்சியை மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசுங்கள். காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து, பூச்சில் நூற்றுக்கணக்கான குமிழ்களை எழுப்பும். விளிம்பும் சுக்கான் பிடியும் அடிக்கடி இடிபடும் பகுதிகள் என்பதால் அவற்றுக்கு எப்பாக்சி இல்லாமல் நேரே மரத்தின் மேல் வார்னிஷ் அடிப்பதே என் வழக்கம். எப்பாக்சி கீறிய இடத்தில் நீர் புகுந்து மரம் கருத்தால், அதைச் சரிசெய்ய முழுப் பூச்சையும் சுரண்ட வேண்டும். வெறும் வார்னிஷ் என்றால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து இரண்டு பூச்சில் மறைத்துவிடலாம். இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் உண்டு.

மரத்தை 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் ரேகையோடு தேயுங்கள். முதல் பூச்சுக்கு வார்னிஷில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்தால் அது மரத்துக்குள் இறங்கும், இரண்டாவதில் கால் பங்கு, அதன்பின் கலக்காமலே. நம் வெயிலுக்கு ஆறு பூச்சுகளுக்குக் குறைந்தால் பயனில்லை. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே 320 எண் தாளால் இலேசாகத் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும்.

நேரத் தேர்வு பாதி வேலை. பனி ஈரம் காய்ந்த பின், காலை எட்டரை மணி அளவில் தொடங்கி, கடற்காற்று தூசியோடும் உப்போடும் எழுவதற்குள், பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். நேர் வெயிலில் அடித்தால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து தோல் கட்டி, உள்ளே ஈரம் சிக்கிச் சுருக்கம் விழும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். டப்பாவிலிருந்து நேரே தொட்டு அடிக்காமல், வேண்டிய அளவைப் பழைய நைலான் துணியில் வடிகட்டித் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். தூரிகையில் ஒட்டிய தூசி டப்பாவுக்குப் போகாமல் இருக்கும். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால், துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அவை தாமே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் ஊறவைத்தோதான் எறிய வேண்டும்.

12. பொருத்துகளை மீண்டும் மாட்டுதல்

கடைசி வார்னிஷ் பூச்சுக்குப் பின் குறைந்தது ஒரு வாரம் கழித்து மாட்டுங்கள். முன்பே மாட்டினால் உலோகத்தின் தடம் பூச்சில் பதியும். சீலன்ட்டில் பாலிசல்ஃபைடு வகை நல்லது. சிலிக்கான் வகை, படிந்த இடத்தில் பிறகு எந்த வண்ணத்தையும் ஒட்டவிடாது. பாலியூரித்தேன் வகை ஒட்டினால் ஒட்டியதுதான். பொருத்தைக் கழற்றும்போது பலகையின் மேலடுக்கும் கூடவே வரும். இறுக்கும்போது போல்ட்டை அசைக்காமல் நட்டை மட்டும் திருகுங்கள். போல்ட் சுழன்றால் அதைச் சுற்றிப் பிடித்திருந்த சீலன்ட் அறுபட்டு, நீர் வழி திறக்கும்.

13. துடுப்பில் தோலும் கயிற்றில் நூலும்

துடுப்புத் தாங்கியில் உராயும் இடத்தில் தோல் சுற்றுவதை முதல் பயணத்துக்குப் பிறகு செய்யுங்கள். எங்கே உராய்கிறது என்பது துடுப்பு வலித்த பின்தான் தெரியும். வார்னிஷில் விழும் தேய்மானமே இடத்தைக் காட்டிவிடும்.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட 2 முதல் 3 மி.மீ. கனமுள்ள மாட்டுத்தோல் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கம் தோல் வாங்குபவர்கள், குரோமியத்தில் பதனிட்டதா பட்டையில் பதனிட்டதா என்று கேட்டு வாங்குங்கள்; பட்டைத் தோல் நனைந்தால் நன்றாக இழுபட்டு, காயும்போது இறுகிக்கொள்ளும். துடுப்பின் சுற்றளவைவிட 5 மி.மீ. குறைவாக, 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரு ஓரங்களிலும் சம இடைவெளியில் துளையிட்டு, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறிய தோலை மெழுகிட்ட நூலால் இரு ஊசிகள் கொண்டு தைத்து இழுத்தால் அந்த 5 மி.மீ. இடைவெளி மூடிவிடும். சுற்றளவுக்குச் சரியாகவே வெட்டினால் தோல் தளர்ந்து துடுப்பில் சுழலும். ஆணி அடித்து நிறுத்துவது எளிய வழிதான். ஆனால் துடுப்பு ஒடியும் நாளில் அந்த ஆணித் துளைகளில்தான் ஒடியும். தையல் தாங்கியில் உராயாதபடி மேற்பக்கமாக வரட்டும். தோல் காய்ந்ததும் தேன்மெழுகு கலந்த கொழுப்பைத் தடவுங்கள்.

கயிற்று முனைகளை நெருப்பில் உருக்கி விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. உருகிய முனை கூர்மையாக உடைந்து கையைக் கிழிக்கும், கப்பியிலும் சிக்கும். மெழுகு நூலை முறுக்குகளுக்கு ஊடே ஊசியால் நுழைத்து, கயிற்றின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, மீண்டும் ஊசியால் குறுக்கே இரண்டு மூன்று முறை பிணையுங்கள். பாயை ஏற்றும் கயிற்றின் முனையிலிருந்து தொடங்குங்கள். அவிழ்ந்துபோனால் நடுநீரில் வைத்துச் சரிசெய்ய முடியாத முனை அதுதான்.